செடியைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுதும்போது எங்கே தவறுகிறோம்?

காட்பாடியில் நான் குடியிருக்கும் தெருக்கோடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. அதன் சுற்றுச்சுவர் நெடுகத் தரை தெரியாமல் ஒரு கொடி படர்ந்து கிடக்கும். வருஷம் முழுக்க மஞ்சள் பூ. தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கிய புதிதில் அதைப் படமெடுத்து, விக்கிப்பீடியாவின் படங்கள் சேரும் பொதுவகத்தில் ஏற்றி, ‘மஞ்சள் கரிசலாங்கண்ணி’ கட்டுரையில் சேர்த்தேன். மஞ்சள் பூ இருக்கிறது, தரையில் படர்கிறது, சின்ன வயதில் பார்த்த ஞாபகமும் இருக்கிறது. அதுவே போதும் என்று நினைத்துவிட்டேன்.

சில மாதம் கழித்து, கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார்: “படத்தில் உள்ள இலை மூன்று மடலாகப் பிரிந்திருக்கிறது, பளபளப்பாகவும் இருக்கிறது. மஞ்சள் கரிசலாங்கண்ணி இலை அப்படிப் பிரியாது. ஒருமுறை பார்த்துவிடுங்கள்.” படத்தை உழவர் சந்தையில் கீரை விற்கும் ஆயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். போனைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, “இது அழகுக்கு வைக்கிறது தம்பி. நம்மளுது இலை நீட்டமா, சொரசொரன்னு இருக்கும்” என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் சரி. நாம் கீரையாகச் சமைப்பது ஸ்பாக்னெட்டிகோலா கேலண்டுலேசியா. சுவரோரம் இருந்தது அதே பேரினத்தின் இன்னொரு இனமான ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் இனங்கள் என்று தொகுத்த பட்டியலில் இடம்பெற்ற செடி அது. அன்றைக்கே படத்தை எடுத்துவிட்டேன். ஆனால் அதற்குள் அது எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவுக்கே வந்துவிட்டிருந்தது, ‘ஈரலுக்கு நல்லது, தினமும் சாறு குடியுங்கள்’ என்ற வரியோடு. யாராவது அந்தப் படத்தை வைத்துக்கொண்டு சுவரோரம் போய்ப் பறித்திருப்பார்களோ என்று இன்றைக்கும் நினைப்பு வரும்.

செடிக் கட்டுரைகளில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகின்றன. எந்தச் செடி என்பதை உறுதி செய்யும் முன்பே எழுத உட்கார்ந்துவிடுகிறோம். பெயரை நம்பினால் இன்னும் மோசம். முருங்கை, கல்யாண முருங்கை, தவசி முருங்கை மூன்றையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றுதான் நினைக்கத் தோன்றும். முருங்கைக்குத் தனிக் குடும்பமே உண்டு. கல்யாண முருங்கை அவரைக் குடும்பத்து மரம். தவசி முருங்கையோ ஆடாதோடையின் பேரினத்தைச் சேர்ந்த சிறு செடி. ஒன்றின் குணத்தை இன்னொன்றின் பக்கத்தில் எழுதிவைத்தால் படிக்கிறவருக்குத் தெரிய வழியே இல்லை.

கீழாநெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இந்திய நூல்கள் பலவற்றில் இதற்கு ஃபில்லாந்தஸ் நிரூரி என்ற பெயர்தான் இருக்கும். நிரூரி என்பது அமெரிக்கக் கண்டத்து இனம். நம் ஊரில் அந்தப் பெயரில் எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை உண்மையில் ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்ற செடியைப் பற்றியவை. இது தெரியாமல் பழைய நூலிலிருந்து பாதியும் புதிய நூலிலிருந்து பாதியும் எடுத்தால், ஒரே கட்டுரையில் இரண்டு செடிகள் கலந்துவிடும். வயலில் பார்க்கும்போதும் கவனம் வேண்டும். கிளையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். காய் வழவழப்பாகச் சின்னக் காம்பில் தொங்கினால் அமாரஸாக இருக்க வாய்ப்பு அதிகம். காம்பே இல்லாதது போல ஒட்டிக்கொண்டு, மேல்தோல் பொரிப்பொரியாக, தண்டும் சிவந்திருந்தால் அது ஃபில்லாந்தஸ் யூரினேரியா. அரை நிமிஷ வேலைதான். ஆனால் இந்த அரை நிமிஷத்தைச் செலவிடாமல் ஏற்றப்பட்ட படங்கள் எத்தனையோ உண்டு.

மருத்துவக் குணம் எழுதும்போது செய்யும் தவறும் இதே கீழாநெல்லியில் தெளிவாகத் தெரியும். 1988-ல் சென்னை ஆய்வாளர்கள் அமாரஸைக் கல்லீரல் அழற்சி பி (ஹெபடைடிஸ் பி) கிருமி உள்ளவர்களுக்குக் கொடுத்து, பலருக்கு அந்தக் கிருமியின் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்ததாக லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். நம்மவர்கள் செய்த ஆய்வு என்பதால் அதை மட்டும் மேற்கோள் காட்டி, ‘நிரூபிக்கப்பட்டுள்ளது’ என்று முடித்துவிடத் தோன்றும். அதற்குப் பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. பல சோதனைகளை ஒன்றுசேர்த்து எடைபோட்டு 2011-ல் வந்த காக்ரேன் திறனாய்வு, இந்தச் செடிகள் மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிடப் பலன் தருகின்றன என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. முதல் ஆய்வை எழுதினால் பின்னால் வந்ததையும் எழுத வேண்டும். வேலூர் நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் வந்து தங்கும் ஊர். மருத்துவமனை வாசலில் காத்திருக்கும்போது போனில் தேடிப் படிக்கிறவர்களில் ஒருவர் கண்ணில் நம் வரி படலாம். ‘சித்த மருத்துவத்தில் மஞ்சள்காமாலைக்குப் பயன்படுத்துகிறார்கள்’ என்று எழுதுங்கள், மேற்கோளும் கொடுங்கள். ‘குணமாக்கும்’ என்று எழுதாதீர்கள். அளவு, பத்தியம், எத்தனை வேளை என்பதெல்லாம் கலைக்களஞ்சியத்துக்குள் வரவே கூடாது. செங்காந்தள் போன்றவற்றில் இது உயிர் விஷயம். அதன் கிழங்கில் உள்ள கொல்கிசின் ஆளைக் கொல்லும்.

அறிவியல் பெயர் மாறிக்கொண்டே இருப்பதும் ஒரு சிக்கல். கண்டங்கத்தரிக்கு சொலானம் சாந்தோகார்பம், சொலானம் சுரட்டென்சி, சொலானம் விர்ஜினியானம் என்று மூன்று பெயர்கள் நூல்களில் கிடைக்கும். மூன்றும் ஒரே செடி, இப்போது ஏற்கப்படுவது கடைசிப் பெயர். இதைப் பார்க்காமல் பெயருக்கு ஒரு கட்டுரை தொடங்கிவிடுவார்கள். கியூ தாவரவியல் பூங்கா நடத்தும் ‘பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்’ தளத்தில் ஒருமுறை தேடினால் எது ஏற்கப்பட்ட பெயர், எவையெல்லாம் இணைப்பெயர் (அதே செடியின் மற்ற அறிவியல் பெயர்) என்று வந்துவிடும். பழைய பெயர்களை அழிக்க வேண்டாம். கட்டுரைக்குள் இணைப்பெயர்களாக வைத்து, அந்தப் பெயரில் தேடுகிறவரும் இதே கட்டுரைக்கு வரும்படி ஒவ்வொன்றிலிருந்தும் வழிமாற்று கொடுத்தால் போதும்.

கத்தரி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளையும் முள்ளுக் கத்தரிக்காய் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. காம்பில் முள் இருக்கிறதே என்று அதைக் கண்டங்கத்தரியின் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாது. அது நாம் குழம்பு வைக்கும் கத்தரியின் ஒரு நாட்டு ரகம். தனி இனம் போலக் குடும்பம், பேரினம் எல்லாம் காட்டும் வகைப்பாட்டுப் பெட்டி போடாமல், ரகம் என்று தெளிவாகச் சொல்லிக் கத்தரிக் கட்டுரையோடு இணைத்து எழுத வேண்டும்.

ஊர்ப் பெயரை அழிப்பதும் தவறுதான், இது எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம். வேலூரில் வேர்க்கடலை என்போம். திருவண்ணாமலைப் பக்கம் போனால் மல்லாட்டை. மணிலாக்கொட்டை தேய்ந்து தேய்ந்து வந்த சொல் அது. தென்னமெரிக்காவில் பிறந்த பயிருக்கு நம் வாயில் ஒட்டிக்கொண்ட ஒரு மணிலாத் தடம். ‘இது கொச்சை’ என்று ஒருவர் நீக்குவார், ‘எங்கள் ஊரில் இதுதான் சரி’ என்று இன்னொருவர் தலைப்பையே மாற்றுவார். இப்படி மாற்றி மாற்றித் தொகுத்தால் இருவரில் ஒருவர் வெறுத்துப்போய் எழுதுவதையே விட்டுவிடுவார், அதுதான் பெரிய நஷ்டம். தலைப்பு எதுவாகவும் இருக்கட்டும். ஊர்ப் பெயர்கள் எந்த வட்டாரத்தில் வழங்குகின்றன என்ற குறிப்போடு உள்ளே இருக்கட்டும், வழிமாற்றும் இருக்கட்டும். சண்டை வருமென்று தோன்றினால் முதலில் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள். அச்சில் எங்கேயும் கிடைக்காத பெயரையும் அங்கே எழுதிவைக்கலாம், ஆதாரம் கிடைத்த அன்று யாராவது கட்டுரைக்குள் கொண்டுவருவார்கள். எதை மாற்றினாலும், சேமிக்கும்போது நிரப்பும் தொகுப்புச் சுருக்கத்தில் ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுத மறக்காதீர்கள்.

மொழிபெயர்ப்புக் கருவி தருவதை அப்படியே பதிவது இப்போது பரவலாகிவிட்டது. ‘பழக்கம்: புதர்’ என்று ஒரு வரியைப் படித்துக் கொஞ்சநேரம் விழித்தேன். ஆங்கிலத்தில் ‘ஹாபிட்’ என்று இருந்ததைக் கருவி அப்படிப் பெயர்த்திருக்கிறது. தாவரவியலில் அதற்கு வளரியல்பு என்று பொருள். இதே போலத் தனி இலை ‘எளிய இலை’ ஆகிவிடும், கூட்டிலை ‘கலவை இலை’ ஆகிவிடும், இருபால் மலர் ‘சரியான பூ’ ஆகிவிடும். வளரியல்பு, கூட்டிலை போன்ற சொற்களெல்லாம் தமிழ்வழி மேல்நிலைப் பள்ளித் தாவரவியல் பாடநூல்களில் பல்லாண்டுகளாக இருப்பவை. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பிளஸ் 1 புத்தகத்தை ஒரு வாரம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்கோளில் ஒரு சுழல் உண்டு, அதில் நல்ல தொகுப்பாளர்களே மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவர் ஆதாரமில்லாமல் ஒரு வரி எழுதுகிறார். ஒரு நாளிதழ்க் கட்டுரை அதை எடுத்துப் போடுகிறது. பிறகு இன்னொருவர் வந்து அந்த நாளிதழையே ஆதாரமாகக் காட்டுகிறார். சந்தேகம் வந்தால் பக்கத்தின் வரலாற்றைத் திறந்து, அந்த வரி எந்தத் தேதியில் நுழைந்தது என்று பாருங்கள். செய்தி அதற்குப் பின்னால் வந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள். மூலிகைத் தளங்களிலிருந்து பத்தியை அப்படியே ஒட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கூடாது. தகவலை எடுத்துக்கொள்ளலாம், வாக்கியம் உங்களுடையதாக இருக்க வேண்டும். படமும் அப்படியே, கூகுளில் கிடைத்தது என்பது உரிமம் ஆகாது.

நம் பகுதிக்கே உரிய ஒரு தவறு இருக்கிறது. ஜே. எஸ். கேம்பிள் என்ற தாவரவியலாளர் தொடங்கி, அவர் 1925-ல் இறந்த பிறகு ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவரநூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. அதிலும், செடியை உலர்த்தி ஒட்டிவைத்த பழைய உலர்தாவரத் தாள்களிலும் ‘வட ஆர்க்காடு’ என்று இடம் குறித்திருக்கும். அதைப் பார்த்ததும் ‘வேலூர் மாவட்டத்தில் காணப்படுகிறது’ என்று எழுதிவிடுகிறார்கள். 1911-ல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்படும் வரை வட ஆர்க்காட்டின் தலைமையிடமே சித்தூர்தான். ஆக, அதற்கு முந்தைய தாளில் உள்ள செடி இன்றைய ஆந்திர மலையில் எடுக்கப்பட்டதாகவும் இருக்கலாம். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன, ஏலகிரி இப்போது திருப்பத்தூர் மாவட்டம். பழைய தாளில் மலையின் பெயரோ ஊரின் பெயரோ இருந்தால் அதை எழுதுங்கள். இல்லாவிட்டால் ‘அன்றைய வட ஆர்க்காடு மாவட்டம்’ என்று இருந்தபடியே எழுதி, ஆண்டையும் சேர்த்துவிடுங்கள்.

படம் எடுக்கும்போது பூவை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். பூ அழகு, ஆனால் அடையாளம் காண இலையின் இரு பக்கமும், தண்டில் இலை எப்படி அமைந்திருக்கிறது என்பதும், காயும், முழுச் செடியும் வேண்டும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஒரு படம் எடுத்தால் அளவும் தெரிந்துவிடும்.

அப்புறம், ஏற்றுவதற்கு முன் இதைக் கட்டாயம் பாருங்கள். போனில் இருப்பிட வசதி இயங்கிக்கொண்டிருந்தால், படம் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். பொதுவகத்தில் ஏற்றும்போது அதுவும் கூடவே போய், வரைபடத்தில் புள்ளியாகத் தெரியும். வேப்ப மரத்துக்கு அது நல்லதே. ஆனால் ஜவ்வாது மலையில் தப்பி நிற்கும் சந்தன மரத்துக்கு அந்தப் புள்ளி வெட்டுகிறவனுக்குக் கொடுத்த முகவரி. செம்மரத்துக்கும் அப்படித்தான். மலை ஏறும் முன் இருப்பிடத்தை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்த படமாக இருந்தால் அந்தத் தகவலை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். இடம் என்ற கட்டத்தில் ‘ஜவ்வாது மலை, தமிழ்நாடு’ என்று போட்டால் கட்டுரைக்கு அது தாராளம்.