புதுக் காஸ் சிலிண்டரை நீங்களே பூட்டுவது எப்படி?

ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா வீட்டுக் கணப்படுப்புக்குக் காஸ் இணைப்புக் கொடுக்க, அனுமதிப்பத்திரம் உள்ள ஆள்தான் வர வேண்டும். யாழ்ப்பாணத்து வெயிலில் எங்களுக்குக் கணப்படுப்பு எதற்கு? ஆனால் 12.5 கிலோ சிலிண்டரைக் குசினிக்குள் கொண்டுவந்து நாங்களே பூட்டுகிறோம். அதை ஒழுங்காகச் செய்வோம்.

முதலில் நெருப்பு. சாமியறை விளக்கு, விறகடுப்புத் தணல், நுளம்புத்திரி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு யன்னல், கதவுகளைத் திறவுங்கள். காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் நிலத்தோடு படியும். அதனால் யன்னல் மட்டும் போதாது, கதவும் வேண்டும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்கட்டும்.

அடுத்து ஹோஸ். லேசாக வளைத்துப் பாருங்கள். வெடிப்போ எலி கடித்த அடையாளமோ இருந்தால் புதிது வாங்குங்கள், டேப் சுற்ற வேண்டாம். இரு முனையிலும் கிளிப் இறுக்கமாக இருக்க வேண்டும். கம்பி சுற்றி முறுக்குவது கிளிப் ஆகாது.

இனி ரெகுலேட்டர். சிலிண்டர் வால்வுக்குள் தூசி இருக்கிறதா, ரப்பர் வாசர் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். ரெகுலேட்டரை மூடிய நிலையில் வைத்து வால்வின் மேல் நேராக அமர்த்துங்கள். பூட்டும் விதம் வகைக்கு வகை சற்று மாறும். பூட்டியதும் மேலே இழுத்துப் பாருங்கள், அசையக் கூடாது.

இப்போதுதான் முக்கியமான வேலை. ஒரு கிண்ணத்தில் சவர்க்கார நுரை, கூடவே ஒரு பழைய பல் பிரஷ். குக்கர் திருகிகளை மூடியபடியே ரெகுலேட்டரைத் திறந்து, வால்வைச் சுற்றி, ஹோஸின் இரு முனை, ஹோஸின் முழு நீளம் எல்லாம் நுரையைப் பூசுங்கள். அவசரப்படாமல் பாருங்கள். குமிழி ஊதிப் பெருத்தால் அந்த இடத்தில் கசிவு. மூக்கை மட்டும் நம்ப வேண்டாம். காஸுக்குச் சொந்த மணம் கிடையாது, அது சேர்க்கப்பட்ட மணம். மீன் பொரித்த குசினியில் அதுவும் பிடிபடாது. நெருப்புக்குச்சி தட்டிப் பார்க்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைக் குசினிக்கு வெளியே இருத்துங்கள்! 2021 கடைசியில் நாட்டின் பல இடங்களில் காஸ் வெடித்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்த நுரைக் கிண்ணம் இது. முதல் நாளே ஹோஸ் முனையில் குமிழி வந்தது. நான் கிளிப்பை அரைகுறையாக முறுக்கியிருந்தேன்.

குமிழி வந்தால் ரெகுலேட்டரை மூடி, இறுக்கி, மறுபடி நுரை பூசிப் பாருங்கள். வால்விலிருந்தே வந்தால் சிலிண்டரைக் கடையில் மாற்றுங்கள். காஸ் மணம் பலமாக அடித்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். எல்லோரும் வெளியே போய், அங்கிருந்து தொலைபேசியில் உதவி கேளுங்கள்.

குமிழி இல்லையா? சரி, நுரையைத் துடைத்துவிட்டு அடுப்பை மூட்டுங்கள். சுவாலை நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் பேர்னர் துளை அடைபட்டிருக்கலாம். ஆறிய பிறகு கழற்றிக் கழுவி, நன்றாகக் காயவைத்துப் பூட்டுங்கள்.