ஃப்ளையிங் டைகர்ஸ் டி-ஷர்ட்: பழைய பாணியில் வீட்டிலேயே அச்சிடலாம்

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு வீச வந்தன. பிரிட்டிஷ் விமானப்படையோடு சேர்ந்து அவற்றை எதிர்த்துப் போனவர்கள் அமெரிக்கத் தன்னார்வ விமானிகள். சீன அரசுக்காகப் போரிட கிளேர் செனால்ட் தலைமையில் திரண்ட அந்தப் படைக்கு 'ஃப்ளையிங் டைகர்ஸ்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அன்றைய ரங்கூனில் தமிழர்கள் ஏராளம். பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அதனால் இந்தச் சட்டையில் அடையாளங்கள் சரியாக அமைய வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம்.

இந்தப் படையின் விமானத்தில் அமெரிக்க நட்சத்திரத்தைப் போட்டுவிடாதீர்கள். அவர்களுடைய பி-40 விமானங்களின் இறக்கைகளில் இருந்தது சீனக் குடியரசின் சின்னம்: நீல வட்டத்துக்குள் 12 கதிர் கொண்ட வெள்ளைச் சூரியன். ஆண்டு எழுதுவதானால் 1941–42 என்று எழுதுங்கள். முதல் சண்டை 1941 டிசம்பர் 20 அன்று சீனாவின் குன்மிங் நகரத்துப் பக்கம் நடந்தது. 1942 ஜூலை 4-ல் படை கலைக்கப்பட்டது.

தேவையானவை: சந்தன நிறப் பருத்தி டி-ஷர்ட், ஃபேப்ரிக் பெயின்ட், ஓஎச்பி ஷீட் (ஸ்டென்சில் வெட்ட, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்), பேப்பர் கட்டர், மாஸ்கிங் டேப், ஸ்பாஞ்ச், ஒரு கெட்டி அட்டை.

டி-ஷர்ட்டை முதலில் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். புதுத் துணியில் இருக்கும் கஞ்சி போனால்தான் பெயின்ட் பிடிக்கும். அப்புறம் அட்டையை உள்ளே நுழைத்து, துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டுங்கள்.

இனி ஸ்டென்சில். இந்த விமானங்களின் மூக்கில் வரைந்திருந்த சுறா வாய்க்கு மூன்று ஷீட் வேண்டும்: முழு வாய்க்குக் கறுப்பு, பற்களுக்கு வெள்ளை, நாக்குக்குச் சிவப்பு. வட ஆப்பிரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் விமானங்களின் படத்தைப் பார்த்துத்தான் இவர்கள் இந்த வாயை வரைந்தார்கள். கையால் தீட்டியதால் விமானத்துக்கு விமானம் வாய் கொஞ்சம் மாறும். அதனால் உங்கள் பற்கள் ஒரே அளவில் இல்லாவிட்டால் கவலை வேண்டாம், அதுதான் அழகு.

சூரியனுக்குத்தான் பொறுமை வேண்டும். ஒரு வட்டம் போட்டு, கடிகாரத்தில் மணி குறிப்பதுபோல் 30 டிகிரிக்கு ஒன்றாக 12 புள்ளி வையுங்கள். ஒவ்வொன்றும் ஒரு கதிரின் நுனி. நடு வட்டத்துக்கும் கதிர்களுக்கும் இடையே மெல்லிய நீல வளையம் தெரிய வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் கதிர்களின் அடி ஒட்டாமல் 2 மி.மீ. விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் அந்த வளையம் கழன்று கையோடு வந்துவிடும். முதலில் நீல வட்டத்தை அடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகு வெள்ளை.

பழைய தோற்றம் நிறத்திலேயே வந்துவிடும். வெள்ளையில் ஒரு துளி பழுப்பு, சிவப்பில் கொஞ்சம் செங்கல் நிறம், கறுப்பிலும் சிறிது பழுப்பு கலந்தால் போதும்.

ஸ்பாஞ்சைப் பெயின்டில் தொட்டதும் காகிதத்தில் நாலைந்து முறை ஒற்றுங்கள். கிட்டத்தட்ட காய்ந்த மாதிரி இருக்கும்போதுதான் துணியில் வைக்க வேண்டும். தேய்க்காமல், நேர் மேலிருந்து ஒற்ற வேண்டும். என் முதல் சட்டையில் பெயின்ட் ஈரமாக இருந்ததால் ஸ்டென்சிலுக்கு அடியில் ஊறி, பற்கள் எல்லாம் ஊதிப்போயின. வெள்ளைக்கு மட்டும் இரண்டு முறை மெல்லிசாக அடியுங்கள்.

ஒரு நாள் முழுக்கக் காயட்டும். பிறகு சட்டையை உட்புறம் திருப்பி, மேலே ஒரு துணி போட்டு, அச்சின் பின்பக்கம் நீராவி இல்லாமல் இஸ்திரி போடுங்கள். எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம் என்பது பெயின்ட் பாட்டிலில் இருக்கும்.

கடைசியாக 220 நம்பர் உப்புத்தாளால் பற்களின் ஓரத்தில் லேசாக நாலு இழுப்பு. சூரியனைத் தொடாதீர்கள், 12 கதிரும் எண்ணும்படி இருக்கட்டும். மூன்று நாள் கழித்து, உட்புறம் திருப்பிக் குளிர்ந்த நீரில் துவைக்கலாம்.