கமெண்ட்டுக்குப் புதுச் சுருக்கக்குறி: விவாதம் சறுக்கும் இடங்கள்

நிரலில் கணினி கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும் குறிப்புதான் கமெண்ட். அதை எழுதச் சுருக்கமான புதுக் குறி வேண்டும் என்று யாராவது முன்மொழிந்தால் போதும், அதுவரை வாய் திறக்காதவர்களும் பேச வந்துவிடுவார்கள். நிரல்மொழி ஆய்வாளர் பிலிப் வாட்லர் இதைக் கிண்டலாக ஒரு விதியாகவே ஆக்கினார்: ஓர் அம்சத்தின் பொருளைப் பேச ஒரு பங்கு நேரம் என்றால், கமெண்ட் குறியின் வடிவத்தைப் பேச எட்டுப் பங்கு.

அந்த எட்டுப் பங்கையும் எத்தனை விசையழுத்தம் மிச்சமாகும் என்ற கணக்கில் கரைப்பதுதான் முதல் தவறு. எடிட்டரில் ஒரு குறுக்குவழி பத்து வரிகளை நொடியில் கமெண்ட்டாக்கிவிடுகிறது. பிறகு என்ன மிச்சம்? கேட்க வேண்டியது, அந்தக் குறிக்கு அந்த மொழியில் இன்று ஏதாவது பொருள் இருக்கிறதா என்பது.

இருந்தால் சிக்கல். பைத்தானில் // கேட்பது வீண்; 2001 முதல் அது வகுத்தல் விடையை முழு எண்ணாகக் கீழிறக்கும் செயற்குறி. சி மொழி 1999 தரநிலையில் // குறியை ஏற்றபோது,

10 //**/ 2

என்ற வரியின் விடையே மாறியது. பழைய விதிப்படி /* தொடங்கி */ வரை இருப்பதே கமெண்ட்; நடுவில் இருக்கும் /**/ வெற்றுக் கமெண்ட், ஆகவே 10 / 2, விடை 5. புதிய விதிப்படி // தொடங்கி வரி முழுவதும் கமெண்ட், விடை 10. இப்படி எழுதுபவர் அரிது என்பது உண்மை. ஆனால் -- கமெண்ட் குறியாக இருக்கும் எஸ்கியூஎல் என்ற தரவுத்தள மொழியில் 5--1 அரிதல்ல: கழிக்க வேண்டிய மதிப்பு எதிர்மறையாக வந்தால் தானாக உருவாகும் வினவலில் அது எளிதில் நுழைந்துவிடும். அதனால்தான் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள், -- குறிக்குப் பின் இடைவெளி இருந்தால் மட்டுமே அதைக் கமெண்ட்டாக ஏற்கிறது.

பழைய நிரல் உடைந்தாலே முன்மொழிவு தோற்றது என்பதும் அவசர முடிவு. 2020-இல் வந்த பிஎச்பி 8, கமெண்ட்டாக இருந்த #[ தொடக்கத்தைப் பறித்து, நிரல் பகுதிகளோடு கூடுதல் தகவலை இணைக்கும் பண்புக்குறிப்புகளுக்குக் (attributes) கொடுத்தது. அப்படித் தொடங்கிய பழைய கமெண்ட்டுகள் பாதிக்கப்பட்டன. மாறாக, ஒரே வரியில் எழுதிய பண்புக்குறிப்பைப் பழைய பதிப்புகள் கமெண்ட் என்று கருதித் தாண்டிவிடும். இழப்பையும் லாபத்தையும் எடைபோட்டுச் செய்த பேரம் அது.

தொடக்கக் குறிக்கு அடித்துக்கொள்பவர்கள் முடிவை மறந்துவிடுகிறார்கள். என் பார்வையில் பெரிய தவறு இதுதான். சி மொழியில் // வரியின் கடைசி எழுத்து \ என்றால் அடுத்த வரியும் சத்தமில்லாமல் கமெண்ட்டாகிவிடும். /* உள்ளே இன்னொரு /* வைத்தால் முதல் */ வந்ததுமே எல்லாம் முடிந்துவிடும். ரஸ்ட், ஸ்விஃப்ட், ஹாஸ்கெல் ஆகியவை அடுக்குகளை எண்ணிக்கொள்கின்றன. ஆனாலும் "src/*" என்று கோப்புப் பாதையைக் குறிக்கும் ஒரு சரம் (string) ரஸ்டின் /* */ கமெண்ட்டுக்குள் சிக்கினால், அந்த எண்ணிக்கையும் ஏமாறும்.

வேறொரு மொழியில் அழகாக இருக்கிறது என்று குறியை மட்டும் பெயர்த்து வருவதும் இப்படித்தான் முடியும். ஸ்கீம் மொழியில் #; போட்டால் அடுத்த கோவை (expression) முழுவதும் நீங்கிவிடும். அடைப்புக்குறிகள் அதன் எல்லையைச் சொல்லிவிடுகின்றன. அடைப்பில்லாத மொழியில் #; 5 + 3 * 2 என்று எழுதினால் நீங்குவது 5 மட்டுமா, முழுக் கணக்குமா? முன்மொழிபவர் முதலில் இதற்கு விடை எழுதட்டும்.