நெற்றி சைனஸ் எக்ஸ்ரே: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீராத தலைவலி என்று குடியாத்தத்திலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ வேலூருக்கு வந்து எக்ஸ்ரே எடுப்பவர்கள், ரிப்போர்ட்டில் ‘நெற்றி சைனஸ் வளர்ச்சி குறைவு’ என்று இருந்தாலே கலங்கிவிடுகிறார்கள். நெற்றி சைனஸ் என்பது புருவத்துக்கு மேலே நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறை. ரிப்போர்ட்டின் அந்த வரியை நோயின் பெயராக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு.

பிறக்கும்போது யாருக்கும் நெற்றி சைனஸ் கிடையாது. இரண்டு வயதுவாக்கில் மூக்குப் பக்கத்திலிருந்து காற்றறை நெற்றி எலும்புக்குள் மெல்லப் பரவத் தொடங்குகிறது. எக்ஸ்ரேயில் தெரிய ஆறேழு வயதாகும். வளர்ச்சி நிற்க இருபது வயதுகூட ஆகலாம். எதுவரை பரவும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரு பக்கம் பெரிதாக, மறுபக்கம் சிறிதாக, நடுத்தடுப்பு ஓரமாக ஒதுங்கி இருப்பது ரொம்ப சகஜம். சிலருக்கு ஒரு பக்கமோ இரண்டு பக்கமுமோ இருக்கவே இருக்காது. இதற்கு மருந்தும் வேண்டாம், ஆபரேஷனும் வேண்டாம்.

அடுத்த தவறுதான் ஆட்களை அதிகம் பாடுபடுத்துகிறது. காற்று இருந்தால் பிலிமில் கறுப்பாகத் தெரியும். சளி அடைத்தாலும் வெளுப்பு, சைனஸே உருவாகாமல் எலும்பாக இருந்தாலும் வெளுப்பு. ‘இந்தப் பக்கம் வெள்ளையாக இருக்கிறது, சைனஸ் தொற்று’ என்று அவசரப்பட்டு ஆன்டிபயாடிக் ஆரம்பித்துவிடுகிறார்கள். முதலில் அறையின் ஓரக்கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வளர்ந்த சைனஸுக்குப் பூவிதழ் ஓரம்போல வளைந்து வளைந்து செல்லும் மெல்லிய வெள்ளைக் கோடு பெரும்பாலும் தெரியும். அது இல்லாவிட்டால் அங்கே அறையே இல்லாமல் இருக்கலாம். தலை சற்றுத் திரும்பியிருந்தாலும் ஒரு பக்கம் மங்கும். சந்தேகம் தீர சிடி ஸ்கேன் தேவையா என்பதைக் காது மூக்கு தொண்டை டாக்டர் சொல்லட்டும். நாலு வயதுக் குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறது என்று நெற்றி எக்ஸ்ரே கேட்டு நிற்காதீர்கள். பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது.

படம் எடுத்த விதமும் முக்கியம். நெற்றி பிலிம் பக்கம் இருந்தால் ஓர் அளவு, பின்தலை பிலிம் பக்கம் இருந்தால் சைனஸ் சற்றுப் பெரிதாகத் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டு, பெரியவர் ஒருவருக்கு ‘போன வருஷத்தைவிட வளர்ந்திருக்கிறது’ என்பது சரியல்ல. மல்லாக்கப் படுத்து எடுத்த படத்தில் தேங்கிய நீரின் மட்டமும் தெரியாது.

சரி, எப்போதுமே அலட்சியப்படுத்தலாமா? கூடாது. சின்ன வயதிலிருந்தே சளி இருமல், காதில் சீழ், அடிக்கடி நுரையீரல் தொற்று இருந்து, நெற்றி சைனஸும் வளராமல் இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். சளியை வெளியே தள்ளும் நுண்ணிழைகளின் பிறவிக் குறைபாடாக இருக்கலாம்.

அப்புறம், பழைய பிலிமைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரே கருவில் உருவான இரட்டையர்களுக்குக்கூட நெற்றி சைனஸின் வடிவம் ஒத்துப்போவதில்லை. அடையாளம் தெரியாத உடல்களை உறுதிசெய்யத் தடயவியலில் 1920களிலிருந்தே இது உதவிவருகிறது. ஆனால் ஒப்பிடும் இரு படங்களும் ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். இடையில் நெற்றியில் அடியோ அறுவை சிகிச்சையோ நேர்ந்திருந்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சைனஸ் இல்லை என்பதை மட்டும் வைத்து இன்னார்தான் என்று முடிவுகட்டவும் முடியாது.