கிழமை பார்த்துச் சுற்றுங்கள்: நண்பர் குழுவுக்குச் சிக்கனமான போகோட்டா

மூணாற்றுக்கு மேலே நிற்கும் ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். கொலம்பியாவின் தலைநகரான போகோட்டா, அதற்குச் சற்றே தாழ்வாக, ஏறத்தாழ 2,640 மீட்டர் உயரத்தில் ஆண்டிஸ் மலைத்தொடரின் ஒரு மேட்டுச் சமவெளியில் பரந்து கிடக்கிறது. எழுபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வாழ்கிறார்கள். கம்பம், குமுளி, வண்டிப்பெரியாறு வட்டாரத்தில் வளர்ந்த நமக்கு மலை புதிதல்ல என்றாலும், குமுளியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு உயரத்தில் ஒரு பெருநகரம் என்பது புதிதுதான். தோளில் பையை மாட்டிக்கொண்டு நால்வர் ஐவராகப் போகும் நண்பர்களுக்கு அந்த நகரத்தை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே பார்க்கத் தகுந்தவற்றில் பெரும்பாலானவை இலவசம் அல்லது மிக மலிவு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழமை உண்டு. கிழமை தெரியாமல் போனால் மூடிய கதவுக்கு முன்னால் நிற்க வேண்டியிருக்கும். தெரிந்து போனால் செலவு பாதியாகும்.

முதலில் காகித வேலைகள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் கொலம்பிய விசா தேவை. அதற்கு இணையவழியே விண்ணப்பிக்கலாம். செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ ஷெங்கன் விசாவோ கையிலிருந்து, அதில் குறைந்தது 180 நாள் மீதமிருந்தால் தனி விசா வேண்டியதில்லை. எனினும் விதிகள் மாறக்கூடியவை ஆதலால், டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஐரோப்பிய விமான நிலையங்கள் சிலவற்றில் விமானம் மாறுவதற்கே நம்மவர்களிடம் இடைத்தங்கல் விசா கேட்பார்கள் என்பதால், மலிவாகத் தெரியும் டிக்கெட்டின் வழித்தடத்தையும் கவனியுங்கள். திரும்பி வரும்போது இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றைக் கேட்பார்கள்; அந்த ஊசியை அரசு அனுமதித்த மையங்களில் மட்டுமே போட முடியும். கொச்சி, தூத்துக்குடி துறைமுகச் சுகாதார அலுவலகங்களும் சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையமும் அத்தகையவை. ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்று செல்லுபடியாகும். அதன்பின் ஆயுள் முழுவதும் செல்லும்.

மாதத்தைப் பொறுத்தவரை ஜனவரியும் பிப்ரவரியும் உகந்தவை. போகோட்டாவில் அப்போது மழை குறைவு. நம் பக்கத்தில் ஏலக்காய் எடுப்பு ஓய்ந்து கையில் கொஞ்சம் காசு புழங்கும் காலமும் அதுவே. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மதியத்துக்கு மேல் நனையத் தயாராக இருக்க வேண்டும். ஆண்டு முழுவதும் சராசரி வெப்பம் 14 டிகிரி அளவிலேயே இருப்பதால், கனத்த கோட்டு ஒன்றைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போடக்கூடிய மெல்லிய உடுப்புகளும் ஒரு மழைச்சட்டையும் பயன்படும்.

எல் டொராடோ விமான நிலையத்தில் இறங்கியதும் துயாவே என்ற பயண அட்டையை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள்; நகரப் பேருந்துகளில் ரொக்கம் வாங்குவதில்லை. தனிப் பாதையில் ஓடும் டிரான்ஸ்மிலேனியோ பேருந்துகள் 2000ஆம் ஆண்டு முதல் ஓடுகின்றன. வழித்தடத்தின் பெயரில் முதலில் வரும் எழுத்து, வண்டி எந்தப் பகுதியை நோக்கிப் போகிறது என்பதைக் காட்டும். ஆகவே ஒரே வழித்தடத்துக்குப் போகும்போது ஓர் எழுத்தும் வரும்போது வேறோர் எழுத்தும் இருக்கும். இது பிடிபட்டுவிட்டால் பெரும் குழப்பம் நீங்கும். காலையிலும் மாலையிலும் அலுவலக நேரத்தில் நெரிசல் மிகுதி. முதுகுப் பையை மார்பில் மாட்டிக்கொள்வது அவ்வூர்க்காரர்களின் வழக்கம், நமக்கும் அதுவே பாதுகாப்பு.

தங்குவதற்குப் பழைய நகரமான லா கண்டெலாரியாவில் ஹாஸ்டல்கள் பல உண்டு. நான்கு பேர் எனில் நான்கு கட்டில் கொண்ட அறை முழுவதையும் எடுத்துவிட்டால், பொருள்களைப் பற்றிய கவலை குறையும். பயணியாக வந்திருக்கும் வெளிநாட்டவர்களுக்குத் தங்கும் கட்டணத்தின் மீதான 19 சதவீத வரியிலிருந்து விலக்கு உண்டு. கடவுச்சீட்டில் உள்ள நுழைவு முத்திரையைக் காட்டி, அந்த வரியைச் சேர்க்காமல் ரசீது போடச் சொல்லுங்கள். கேட்காதவர்களிடம் சில இடங்களில் வசூலித்துவிடுவார்கள்.

முகவரி முறையைக் கற்றுக்கொள்ள அரை மணி நேரம் ஒதுக்கினால், வழிகேட்கும் தேவையே ஏறத்தாழ இல்லாமல் போகும். நகரத்தின் கிழக்கே நெடுக மலை நிற்கிறது. மலைக்கு இணையாக வடக்கு தெற்காக ஓடும் சாலைகள் கரேரா. அவற்றைக் குறுக்காக வெட்டிக் கிழக்கு மேற்காக ஓடுபவை காயே. மலையிலிருந்து மேற்கே விலக விலகக் கரேராவின் எண் கூடும். வடக்கே போகப் போகக் காயேயின் எண் கூடும். போட்டேரோ அருங்காட்சியகத்தின் முகவரி ‘காயே 11, எண் 4-41’ என்று எழுதப்பட்டிருக்கும். அதாவது, அது 11ஆம் காயேயில், 4ஆம் கரேராவின் சந்திப்பிலிருந்து ஏறத்தாழ 41 மீட்டர் தள்ளி இருக்கிறது. நகரத்தின் தென்பகுதியில் காயே எண்கள் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். அங்கே முகவரியில் ‘சூர்’ என்ற சொல் சேர்ந்திருக்கும். அந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் வாடகைக் காரில் ஏறினால், நகரத்தின் மறுகோடியில் இறங்க நேரிடும்.

இனிக் கிழமைகள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றாவது உங்கள் பயணத்துக்குள் வருமாறு விமானத்தைப் பதிவு செய்யுங்கள். 1974இல் தொடங்கிய சிக்லோவியா என்ற ஏற்பாட்டின்படி, ஞாயிறும் விடுமுறை நாள்களும் காலை ஏழு மணி முதல் மதியம் இரண்டு மணி வரை, 120 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகளில் மோட்டார் வண்டிகளை நிறுத்திவிட்டு, நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் விட்டுவிடுகிறார்கள். மற்ற நாள்களில் புகையும் ஹார்ன் சத்தமுமாக இருக்கும் ஏழாம் கரேராவில், அன்று மூன்று சக்கர சைக்கிள் ஓட்டும் குழந்தை, நாயை இழுத்துக்கொண்டு ஓடும் பெரியவர், சாலையோரத்தில் ஆரஞ்சு பிழிந்து விற்பவர் என ஊரே இறங்கியிருக்கும். மிதிவண்டி வாடகைக்கு எடுத்து அந்தச் சாலையிலேயே வடக்கே போனால் உசாகென் என்ற பழைய ஊர்ப்பகுதியின் ஞாயிற்றுச் சந்தையை அடையலாம். கைவினைப் பொருள்களின் விலை அங்கே சற்றுக் கூடுதல். பார்ப்பதற்கு மட்டும் போங்கள்.

தங்க அருங்காட்சியகத்துக்கும் ஞாயிறன்று கட்டணமில்லை, திங்களன்று விடுமுறை. அங்கே காலூன்றி நிற்க வேண்டிய இடம் ஒன்றைச் சொல்கிறேன். முயிஸ்கா மக்கள் செய்த பொற்படகு, 1969இல் பாஸ்கா என்னும் ஊருக்கு அருகே ஒரு குகையில் உழவர்களால் கண்டெடுக்கப்பட்டது. ஒரு சாணுக்கும் சற்றுக் குறைவான நீளம். நம் கணக்கில் ஏறத்தாழ முப்பத்தாறு பவுன் எடை. அதன் நடுவே தலைவன் பெரிதாக நிற்க, சுற்றிலும் சிறு உருவங்கள் நிற்கின்றன. உடலில் பொற்பொடி பூசிய தலைவன் ஏரியின் நடுவே காணிக்கை செலுத்தும் சடங்கை அது காட்டுகிறது என்பார்கள். எல் டொராடோ என்ற பொன்னாட்டுக் கதைக்கு மூலமும் அந்தச் சடங்குதான். ஞாயிறு முற்பகலில் சாலையில் சுற்றிவிட்டு மதியம் இங்கே நுழைவது சரியான வரிசை. கூட்டம் பிடிக்காதவர்கள் வேறொரு நாளில் சிறு கட்டணம் கொடுத்துப் பார்க்கலாம். அது வீண்செலவு அல்ல.

போட்டேரோ அருங்காட்சியகம் எல்லா நாளும் இலவசம், செவ்வாய் மட்டும் விடுமுறை. பருத்த உருவங்களை வரைந்து பெயர்பெற்ற ஃபெர்னாண்டோ போட்டேரோ, தம்முடைய படைப்புகள் 123உடன் தாம் சேகரித்த பிக்காசோ, மோனே முதலியோரின் படைப்புகள் 85ஐயும் சேர்த்துக் கொடுத்த கொடை அது. ஆகவே திங்கள் போட்டேரோவுக்கு உரியது. ஆனால் 1983ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி கொலம்பியாவின் பல விடுமுறைகள் திங்கட்கிழமைக்கு நகர்த்தப்படுவதால், உங்கள் திங்கள் விடுமுறைத் திங்களா என்று நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியானால் சிக்லோவியா இரண்டாம் முறையும் கிடைக்கும். செவ்வாயன்று பலோகெமாவோ சந்தைக்குக் காலையிலேயே போய்ப் பூக்களையும் பழங்களையும் பார்க்கலாம்.

மோன்செராத்தே மலையை முதல் இரண்டு நாள்களில் தொடவே வேண்டாம். மெல்லிய காற்றுக்கு உடல் பழகாத நிலையில் தலைவலியும் மூச்சுவாங்கலும் வரும். அந்நாள்களில் தண்ணீர் நிறையக் குடித்து, மதுவைத் தவிர்த்து, மெதுவாக நடப்பதே மருந்து. உச்சி 3,152 மீட்டர். இழுவை ரயிலும் கம்பிவட ஊர்தியும் உண்டு என்றாலும், படிப்பாதை இலவசம்: ஏறத்தாழ 1,600 படிகள், பழநி மலைப் படிகளைப் போல இருமடங்குக்கும் மேல். செவ்வாயன்று அந்தப் பாதை மூடியிருக்கும். மற்ற நாள்களில் அதிகாலையில் திறந்து, மதியத்தோடு ஏறுவதை நிறுத்திவிடுவார்கள். சனி அல்லது ஞாயிறு காலையில், தேவாலயத்துக்குப் போகும் பக்தர் கூட்டத்தோடு சேர்ந்து ஏறுங்கள். ஆளரவமில்லாத வேளையில் ஏறுவதும் அடிவாரச் சாலையில் தனித்து நடப்பதும் ஆபத்து.

சாப்பாட்டில் பணம் மிச்சமாவது மதிய வேளையில்தான். அலுவலகப் பணியாளர்கள் நுழையும் சிறு கடைகளில் கொரியெந்தாசோ என்ற அளவுச் சாப்பாடு கிடைக்கும்: முதலில் ஒரு கிண்ணம் சூப், பிறகு சோறு, அவரை அல்லது பருப்பு, ஒரு துண்டு இறைச்சி, பொரித்த வாழைப்பழம், ஒரு குவளை பழச்சாறு. அந்த வாழை நம் ஏத்தம்பழத்தின் இனம்தான். சூப்பில் மிதக்கும் கிழங்கு நம் கப்பைதான். மரவள்ளி தென்னமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய பயிர் என்பதால், அதற்கு அது தாய்வீடு. இறைச்சி உண்ணாதவர்கள் அதற்குப் பதிலாக முட்டை கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். ஆனால் சூப்பு எலும்புச் சாற்றில் கொதித்ததாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். மூவகை உருளைக்கிழங்கும் கோழியும் குவாஸ்காஸ் என்ற இலையும் சேர்ந்த அஹியாக்கோவை ஒருமுறையாவது உண்ண வேண்டும். மாலைக் குளிருக்கு வெல்லம் கரைத்த சுடுநீரான அகுவாபனேலா போதும். மறையூர்ச் சர்க்கரை போட்டுக் குடித்துப் பழகிய நாக்குக்கு அது உடனே பிடித்துவிடும். இரவில் ஹாஸ்டல் சமையலறையில் சோறும் பருப்பும் வைத்துக்கொள்ளலாம். டி1, ஆரா போன்ற மலிவுக் கடைகளில் அரிசியும் பருப்பும் முட்டையும் கிடைக்கும். குழாய்த் தண்ணீரைப் போகோட்டாவில் தயங்காமல் குடிக்கலாம் என்பதால், பாட்டில் தண்ணீருக்கு ஒரு காசும் செலவழிக்க வேண்டாம்.

கணக்கைப் பொறுத்தவரை, ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ நாற்பது கொலம்பியப் பெசோ கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் பெசோ ஏறத்தாழ இருபத்தைந்து ரூபாய். விலைப்பலகையில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி வைப்பார்கள்; 12.000 என்பது பன்னிரண்டாயிரம். பொதுச் செலவுக்கு ஒரு பையும் அதற்கு ஒரே பொறுப்பாளரும் இருக்கட்டும்; அன்றாடக் கணக்கை இரவே முடித்துவிடுங்கள், ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது நட்புக்கு ஆகாது. பாஸ்போர்ட்டையும் இருப்புப் பணத்தையும் அந்தப் பையில் சேர்க்காமல், அவரவர் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

தெருவில் நின்றுகொண்டு கைப்பேசியைப் பார்க்காதீர்கள். வழி பார்க்க வேண்டுமெனில் கடைக்குள் நுழைந்து பாருங்கள். பூமத்தியரேகைக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணியளவில் இருட்டிவிடும். கண்டெலாரியாவின் சந்துகளில் அதன்பிறகு நடக்காமல், செயலி வழியே வண்டி அழையுங்கள். அறிமுகமில்லாதவர் தரும் பானத்தையோ சிகரெட்டையோ வாங்கக் கூடாது. மயக்கமருந்து கலந்து கொள்ளையடிப்பது அந்நகரில் நடப்பதுண்டு. அவசர உதவிக்கு எண் 123.

புறப்படும் நாளில், விமான நிலையப் பேருந்துக்குப் போதிய தொகை அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் சான்றைப் பெரிய பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையத்திலோ வேறெங்கோ இந்தியாவில் இறங்கியதும், பெட்டியை எடுப்பதற்கு முன்பே சுகாதார அலுவலர் அதைக் கேட்பார். இல்லாதவர்களை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி உண்டு.