வாங்கிபாத்தில் கத்தரிக்காய் குழையாமலிருக்க

மசாலாப் பொடி நன்றாக அமைந்தும் வாங்கிபாத் (கர்நாடகக் கத்தரிக்காய் சாதம்) கூழாகிறதென்றால், கத்தரிக்காய் வதங்கிய விதம்தான் காரணம். மைசூர்ப் பக்கம் நீளமான பச்சைக் கத்தரிக்காய் போடுவார்கள். கிடைக்காவிட்டால் பிஞ்சு ஊதாக் காயும் போதும். விரல் நீளத்துக்கு நறுக்கி உப்புத் தண்ணீரில் போட்டால் கறுக்காது. வதக்குமுன் நீரை ஒட்ட வடித்துவிடுங்கள்.

கால் கிலோ காய்க்கு 3 மேசைக்கரண்டி எண்ணெய் வேண்டும், இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. தண்ணீர் தெளிக்காமல், மூடாமல் வதக்குங்கள். தோல் சுருங்கி, ஓரம் சிவந்து, கரண்டியால் அழுத்தினால் வெண்ணெய்போல் அமுங்கும். அப்போது கெட்டிப் புளிக்கரைசல், துளி வெல்லம், பிறகு பொடி. பொடியில் மராட்டி மொக்கு என்ற மசாலாப் பொருளை மட்டும் விட்டுவிடாதீர்கள், வாங்கிபாத்தின் மணமே அதுதான்! சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவைத்த பிறகே கிளறுங்கள்.