முன்னாள் படைவீரர் நலன்கள்: கடலூர், புதுச்சேரிக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படைப்பணி முடித்து ஊர் திரும்பியவருக்கு உரிய மருத்துவம், இயலாமை ஓய்வூதியம், பிள்ளைகளின் கல்வி உதவி ஆகிய மூன்றும் ஒரே அலுவலகத்திலிருந்து வருவதில்லை. மருத்துவத்தை இ.சி.எச்.எஸ். என்னும் முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக் கவனிக்கிறது. ஓய்வூதியத்தையும் இயலாமைத் தொகையையும் அவரவர் படைப்பிரிவின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸும் பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புத் துறை ஓய்வூதியக் கணக்கு அலுவலகமும் தீர்மானிக்கின்றன. பிரதமரின் கல்வி உதவித்தொகையைத் தில்லியில் உள்ள, முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய வாரியமான கேந்திரிய சைனிக் போர்டு வழங்குகிறது. கடலூரில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் புதுச்சேரியில் முப்படை நலத்துறையும் பதிவு, சான்று, பரிந்துரை ஆகியவற்றுக்கான வாயில்கள். மத்திய அரசு நலன்களில் இறுதி முடிவு எடுக்கும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. இந்த வேறுபாட்டை அறியாமல், "மனு கொடுத்துவிட்டோம், வரும்" என்று காத்திருப்பதிலேயே பலருக்கு மாதங்கள் கழிந்துவிடுகின்றன. எந்தக் காகிதம் யாரிடம், எந்தத் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதில்தான் பெரும்பாலான இழப்புகள் நேர்கின்றன.

மிகப் பரவலான தவறு பெயரில் தொடங்குகிறது. பணியிலிருந்து விடுபடும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் புக்கில் "க. செல்வராசு" என்றிருக்கும், ஆதாரில் தலைப்பெழுத்து விரிந்து "செல்வராஜ் கந்தசாமி" ஆகியிருக்கும், வங்கிக் கணக்கில் மூன்றாவதாக ஓர் எழுத்துக்கூட்டல் இருக்கும். மனைவியின் பெயர் பணிக்காலத்தில் "அஞ்சலை" என்று எழுதப்பட்டு, ஆதாரில் "அஞ்சலாட்சி" என்று பதிவாகியிருப்பது நம் பக்கத்தில் அரிதல்ல. கணவர் இருக்கும்வரை இது யாரையும் உறுத்துவதில்லை. அவர் மறைந்த பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்கப் போகும்போதுதான், அந்தப் பெண்மணி தாமே அந்த மனைவி என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கிறது. திருமணமும் பிள்ளைகளின் பிறப்பும், குடும்ப விவரங்களைப் படை ஆவணத்தில் பதியும் பார்ட் டூ ஆர்டரில் ஏறியுள்ளனவா, பி.பி.ஓ. என்னும் ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக உள்ளனவா என்பதைப் படைவீரர் உயிருடன் இருக்கும்போதே பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். திருத்த மனு ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போக வேண்டும். மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மதராஸ் என்ஜினியர் குரூப் என்றால் பெங்களூரு. ஆதாரைத் திருத்துவதா, படை ஆவணத்தைத் திருத்துவதா என்று தயங்குபவர்கள், பிறப்பு, பள்ளிச் சான்றுகளோடு எது ஒத்துப்போகிறதோ அதை நிலையாக வைத்துக்கொண்டு மற்றதைத் திருத்துவதே நல்லது.

இங்குள்ளவர்களுக்கே உரிய இன்னொரு சிக்கல் எல்லையால் வருகிறது. புதுச்சேரிப் பக்கம் பாகூரில் வீடு, கடலூரில் பதிவு என்றும், அதே பக்கம் கன்னியக்கோவிலில் குடியிருந்துகொண்டு கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டி முகவரியில் அடையாள அட்டை என்றும் வாழும் குடும்பங்கள் உண்டு. மத்திய அரசின் நலன்களுக்கு இதனால் பெரிய கேடில்லை. ஆனால் தமிழ்நாடு அரசும் புதுச்சேரி அரசும் தத்தம் நிதியிலிருந்து வழங்கும் உதவிகள் அந்தந்த அரசின் பதிவையும் இருப்பிடத்தையும் பொறுத்தவை. குடிபெயர்ந்தவுடன் பதிவை மாற்றாதவர்கள் இரு பக்கமும் கைவிடப்படுகிறார்கள்.

மருத்துவத்துக்கு வருவோம். 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய இ.சி.எச்.எஸ். திட்டத்தில் முறை இதுதான்: முதலில் பாலிகிளினிக், அங்கு மருத்துவர் தரும் ரெஃபரல் (பரிந்துரைக் கடிதம்), அதன் பிறகு அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனை. அட்டை கையில் இருக்கிறது என்பதற்காக நேரே தனியார் மருத்துவமனைக்குச் சென்று, திட்டமிட்ட அறுவைச் சிகிச்சையை முடித்துவிட்டுப் பில்லைக் கொண்டுவந்தால் அந்தப் பணம் திரும்புவது கடினம். நெஞ்சுவலி, விபத்து போன்ற அவசரநிலை இதற்கு விதிவிலக்கு. அப்போது அருகில் உள்ள எந்த மருத்துவமனைக்கும் செல்லலாம். ரெஃபரலுக்காக நேரத்தை வீணாக்கவே கூடாது. ஆனால் அங்கீகாரம் பெறாத மருத்துவமனையில் சேர்த்திருந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவிக்க வேண்டும். நோயாளியின் படுக்கையருகே பதற்றத்தோடு நிற்கும் குடும்பம் இதைத்தான் மறந்துவிடுகிறது. ஆகவே பாலிகிளினிக்கின் தொலைபேசி எண் படைவீரரின் கைபேசியில் மட்டுமின்றி, வீட்டிலுள்ள எல்லோருடைய கைபேசியிலும் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, அவசரநிலைச் சான்று, அசல் பில்கள், மருந்து ரசீதுகள் ஆகியவற்றை மருத்துவமனையை விட்டு வெளியேறும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இத்திட்டத்தில் சார்ந்தோர் தகுதியிலும் கவனம் தேவை. மகனுக்கு 25 வயது, வேலை, திருமணம் ஆகியவற்றில் எது முந்துகிறதோ அதுவரை. மகளுக்கு வேலை அல்லது திருமணம் வரை. நிரந்தர உடல் அல்லது மனக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு, உரிய சான்று இருந்தால், வயது வரம்பு கிடையாது. இதை அறியாமல் 25 வயதோடு அந்தப் பிள்ளையின் அட்டையைக் கைவிட்டுவிட்ட பெற்றோரைக் காணும்போது மனம் கனக்கிறது. அந்தப் பிள்ளைக்குத்தான் திட்டம் மிகவும் தேவை.

இயலாமை ஓய்வூதியத்தில் தவறுகள் பணி முடியும் நாளிலேயே தொடங்குகின்றன. வீட்டுக்குப் போகும் ஆவலில், விடுவிப்பு மருத்துவ வாரியத்தின் முன் வலியையும் காது மந்தத்தையும் சொல்லாமல் கையெழுத்திட்டு வருகிறார்கள். வாரிய அறிக்கையின் நகலையும் வாங்குவதில்லை. பின்னாளில் எல்லா வாதமும் அந்த அறிக்கையைச் சுற்றியே நடக்கும். இயலாமை 20 விழுக்காட்டுக்குக் குறையாமலும், படைப்பணியால் ஏற்பட்டதாக அல்லது படைப்பணியால் மோசமானதாகவும் இருக்க வேண்டும். "இரண்டும் அல்ல" என்று வாரியம் எழுதிவிட்டால் பலர் அதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு அமைதியாகிவிடுகிறார்கள். அது இறுதியல்ல. பணியில் சேர்ந்தபோது அந்த நோய் குறித்து எந்தக் குறிப்பும் இல்லையென்றால், அது பணியால் வந்தது என்ற அனுமானம் படைவீரருக்குச் சாதகமாக எழும் என்று தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. இயலாமையின் அளவை 50, 75, 100 எனப் படிநிலைக்கு உயர்த்தும் முறை பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் பொருந்தும் என்பதை ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பர் 10 அன்று அதே நீதிமன்றம் உறுதி செய்தது. நூறு விழுக்காட்டு இயலாமைக்கு இறுதி ஊதியத்தில் 30 விழுக்காடு என்பதால், 20 என்பது 50 ஆகும்போது தொகை 6 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாகிறது. அதே நேரம், 2023 செப்டம்பர் 21 முதல் பணியிலிருந்து விடுபட்டவர்களுக்குப் புதிய விதிகள் உள்ளன. நண்பருக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்கும் என்று, விடுபட்ட தேதியைப் பாராமல் மனு எழுதக் கூடாது.

மறுப்புக் கடிதம் வந்தால் அதன் உறையையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். முதல் மேல்முறையீட்டுக்கு 6 மாதம், அதுவும் மறுக்கப்பட்டால் இரண்டாவதற்கு 6 மாதம், அதன் பின் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. தாமதத்தை மன்னிக்கக் கேட்க வழியுண்டு. ஆனால் அதை நம்பிக் காலம் கடத்துவது ஆபத்து. வரும் நிலுவையில் பங்கு பேசிக்கொண்டு வீட்டுக்கு வரும் இடைத்தரகர்களிடம் அசல் ஆவணங்களைக் கொடுக்கவே கூடாது.

கல்வி உதவியில், பிரதமரின் உதவித்தொகை எல்லாப் படிப்புக்கும் கிடைக்கும் என்று நினைப்பது தவறு. பி.இ., எம்.பி.பி.எஸ்., பி.எட். போன்ற முதல் தொழிற்கல்விப் பட்டத்துக்கு, முதலாண்டிலேயே, 60 விழுக்காட்டு மதிப்பெண்ணோடு விண்ணப்பிக்க வேண்டும். மகள்களுக்கு மாதம் 3,000 ரூபாய், மகன்களுக்கு 2,500 ரூபாய். இரண்டாம் ஆண்டில் நினைவு வந்து ஓடிவருவதில் பயனில்லை. சாதாரண பி.ஏ., பி.எஸ்சி. படிக்கும் பிள்ளைகளுக்கும் பள்ளி மாணவர்களுக்கும் வேறு வழி உண்டு. ஹவில்தார் தரம் வரையிலானவர்களின் இரு பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு அமைச்சர் நல நிதியிலிருந்து வரும் உதவி, 2025 நவம்பர் 1 முதல் அளிக்கப்படும் விண்ணப்பங்களுக்கு மாதம் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது.

கடைசியாக வாழ்நாள் சான்று. ஓய்வூதியம், பாதுகாப்புத் துறையே இணையவழி நேரடியாக வழங்கும் ஸ்பர்ஷ் முறைக்கு மாறிய பிறகும், வாழ்நாள் சான்றை மின்வழி அளிக்கும் ஜீவன் பிரமாண் செயலியில் ஓய்வூதியம் வழங்கும் அமைப்பாக வங்கியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். சான்று வங்கிக்குப் போய்விடும், பிரயாக்ராஜுக்கு எட்டாது, ஓய்வூதியம் நின்றுபோகும். அந்த இடத்தில் "ஸ்பர்ஷ்" என்பதைத் தேர்ந்தெடுத்து, சில நாள் கழித்து ஸ்பர்ஷ் கணக்கில் சான்று ஏற்கப்பட்டுள்ளதா என்று பார்த்துவிடுங்கள். அந்தக் கணக்கின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஓய்வூதியர் மறைந்தால் அந்தச் செய்தியைத் தெரிவித்துக் குடும்ப ஓய்வூதியம் கோர வேண்டியவர் அவர்தான்.